தனப்பிரியாவுக்கு டிக்கெட் கிழிக்கவில்லை

சேந்தமங்கலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் போகும் தனியார் பஸ் ஒன்று பாட்டுப் போடாமல் ஓடுகிறது என்றால், ஒன்று ஸ்பீக்கர் பழுதாகியிருக்க வேண்டும், இல்லை டிரைவர் வீட்டில் ஏதாவது துக்கமாக இருக்க வேண்டும். காலையில் காலேஜ் நேரத்துக்குக் கிளம்பும் ‘மலையரசி’யில் இரண்டும் இல்லை. ஆனாலும் பாட்டு இல்லை, விசில்கூட இல்லை. ஆட்கள் ஏறி முடிந்ததும் கண்டக்டர் தனசேகர் படிக்கட்டுக் கம்பியை இரண்டு தட்டுத் தட்டுவார். டிரைவர் தீர்த்தகிரி வண்டியை எடுப்பார். புதிதாக ஏறுகிறவர்கள், இதென்ன மௌன விரதமா என்று கேட்பார்கள். பழகினவர்கள் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டைக் கண்ணால் காட்டுவார்கள்.

அந்தச் சீட்டில் இரண்டு கையாலும் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தனசேகரின் ஒரே மகள் அபிநயா. அவளுக்கு ஆட்டிசம்.

அவளுக்கு ஐந்து வயதில் சேலத்து டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னபோது தனசேகர் அதை ஏதோ மாத்திரையின் பெயர் என்று நினைத்து, எத்தனை வேளை கொடுப்பது என்று கேட்டார். இதற்கு மாத்திரை இல்லை, பிள்ளை இப்படித்தான், இப்படியே நன்றாக வளரும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து மனைவி மஞ்சுளாவிடம் சொல்லும்போது அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மஞ்சுளா கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கும் வேலைக்குப் போகிறவள். எதையும் உடைக்காமல் கையாளத் தெரிந்தவள். “வளரும்னு சொன்னாருல்லங்க, அப்பறம் என்ன?” என்று கேட்டுவிட்டுச் சோறு போட்டாள்.

அபிநயா வளர்ந்தாள். ஏழு வயதுவரை பேச்சு வரவில்லை. பிறகு டிவியில் செய்தி பார்த்துப் பார்த்து ஒரு நாள் பேச ஆரம்பித்தவள், செய்தி வாசிப்பவரைப் போலவே பேச ஆரம்பித்தாள். வீடு முழுக்க “வாரேன், போறேன், இருங்க சாமி” என்று கொங்குத் தமிழ் புரண்டுகொண்டிருக்க, அவள் மட்டும் “அப்பா, எனக்குப் பசிக்கிறது” என்பாள். மெதுவாகப் பேசவும் தெரியாது. செய்தி வாசிக்கிறவருக்கு ஏது ரகசியம்? உறவுக்காரர்கள் வந்தால், இந்த மாதிரிப் பிள்ளைகள் கணக்கில் புலியாமே என்று ஆவலோடு கேட்பார்கள். கணக்கில் அபிநயா பாஸ், அவ்வளவுதான். அந்த ஏமாற்றத்தோடு பலகாரத்தைத் தின்றுவிட்டுக் கிளம்புவார்கள். அவளுக்குப் பிடித்தது இலைகள். ஒரு புங்க இலையை விரலால் நீவிக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருப்பாள். பிளஸ் டூ முடித்ததும் தாவரவியல் படிக்க வேண்டும் என்று அவளே சொன்னாள். யாரும் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். அதுதான் பெற்றவர்கள் இருவருக்கும் பெரிய விஷயமாகப் பட்டது.

நாமக்கல்லுக்கு வெளியே ஒரு கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கிடைத்த முதல் வாரமே போகப் பார்த்தது.

அந்தக் கல்லூரியில் மின்சார மணி தாவரவியல் வகுப்பின் வாசலுக்கு நேர் மேலே இருந்தது. அது முதல் தடவை அலறியதும் அபிநயா காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். மாடிப்படிக்கு அடியில், உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே அவளைக் கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் கிணறு, கேட், மெயின் ரோடு என்று எல்லா இடத்தையும் ஆட்கள் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். ஒரு வாத்தியாருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது.

முதல்வர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பெண் நன்றாகப் படிக்கக்கூடியவள்தான், ஆனால் எங்களிடம் இதற்கென்று ஏற்பாடு ஏதும் கிடையாது, நாளைக்கு ரோட்டுக்கு ஓடி ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது, பேசாமல் தபால் வழியில் படிக்க வையுங்கள் என்றார். வீட்டிலேயே உட்கார்ந்து படிக்கலாம், சத்தம் இல்லை, கூட்டம் இல்லை என்று சமாதானமும் சொன்னார்.

சத்தமும் கூட்டமும் இல்லாத வீட்டில்தான் அபிநயா பதினெட்டு வருஷம் இருந்தாள். வெளியே போக வேண்டும் என்று இப்போதுதான் கேட்டிருக்கிறாள்.

தனசேகர் விடவில்லை. நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்கும் இடைவேளையில் எல்லாம் ஒவ்வொரு கல்லூரிக்கும் போன் போட்டார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு உங்கள் காலேஜில் உதவி ஏற்பாடு இருக்கிறதா என்பது ஒன்றுதான் கேள்வி. பதில்கள்தான் விதவிதமாக வந்தன. ஒரு கல்லூரியில், இருக்கிறதே, சாய்தளம் கட்டியிருக்கிறோம், லிஃப்ட் உண்டு என்றார்கள். “என்ற புள்ள நல்லாவே ஓடுவாங்க. அதுதான் பிரச்சினையே” என்றார் இவர். இன்னொன்றில், பரீட்சை எழுதிக் கொடுக்க ஆள் தருவோம், கூடுதல் நேரம் தருவோம் என்றார்கள். அவள் எழுதுவாள், பக்கத்தில் புது ஆள் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்தால்தான் எழுத மாட்டாள். வேறொரு இடத்தில் அப்படி ஒரு மையம் இருப்பதாகச் சொன்னார்கள். லீவு போட்டுவிட்டு நேரில் போய்ப் பார்த்தால் கதவுக்கு மேலே பலகை இருந்தது, கதவில் பூட்டு இருந்தது, ஜன்னல் வழியே பார்த்தால் உள்ளே ஆண்டு விழா மேடைச் சாமான்கள் இருந்தன. சென்னையில் ஒரு கல்லூரி நிஜமாகவே எல்லாம் வைத்திருந்தது. அமைதியான அறை, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், மாணவர்களைக் கூடவே கூட்டிப் போக ஆட்கள் எல்லாம் உண்டு. போனில் பேசிய பெண் அவ்வளவு பொறுமையாகப் பேசினாள். ஆனால் ஹாஸ்டலில் தங்க வேண்டும். அபிநயா இதுவரை மஞ்சுளா பிசைந்த சோற்றைத் தவிர வேறு கையால் பிசைந்ததைத் தொட்டதில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அது இதுதான்.

கடைசியில் வழி சொன்னவர் அதே நாமக்கல் கல்லூரியில் தாவரவியல் எடுக்கும் வித்யா டீச்சர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாதவர். முதல்வரிடம் பேசிப் பார்த்ததில் அவர் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்திருந்தார்: கல்லூரிக்குள் எந்நேரமும் ஒரு துணை கூட இருந்தால் அபிநயா வரலாம். துணை இல்லாத அன்றைக்குக் கல்லூரியும் இல்லை. மஞ்சுளா வேலையை விடுகிறேன் என்றாள். டீச்சர் வேண்டாம் என்றார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மற்றப் பிள்ளைகள் கிட்ட வர மாட்டார்கள், வகுப்பிலேயே யாரையாவது கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

கேட்டபோது எழுந்து நின்றது ஒரே ஒரு பெண். பெயர் தனப்பிரியா. சேந்தமங்கலம் ரோட்டில் ரைஸ்மில் ஸ்டாப்பில் வீடு. அப்பா போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே எங்கேயோ இருப்பார். அம்மா செல்லாயி தறிக்குப் போகிறவள். கலகலவென்று பேசுகிற பெண். அவள் பேச, அபிநயா கேட்க, இருவருக்கும் ஒத்துப்போனது. மணி அடிக்கப் போகிற நேரத்தை முன்கூட்டியே சொல்லி அபிநயாவை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போய்விடுவாள். ஆடி, ஆவணி இரண்டு மாதமும் அபிநயா ஒரு நாள்கூட ஓடவில்லை. மைக்ரோஸ்கோப்பில் இலையின் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்து, “அப்பா, இலைக்கு வாய்கள் இருக்கின்றன” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தாள்.

இந்தத் தனப்பிரியா முன்பெல்லாம் காலேஜுக்குப் போனது அரசு டவுன் பஸ்ஸில். பெண்களுக்கு அதில் கட்டணம் கிடையாது. மலையரசிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் அது அவள் ஸ்டாப்பில் வந்து நிற்கும். அதை விட்டுவிட்டு, அபிநயாவுக்காக இந்த வண்டியில் காசு கொடுத்து ஏறினாள். தனசேகருக்கு அது பொறுக்கவில்லை.

தனசேகரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து சனத்தின் வழக்கம்தான், ஆனால் இவரிடம் கொஞ்சம் கூடுதல். பக்கத்து வீட்டார் ஒரு சுரைக்காய் கொடுத்தால் அடுத்த வாரம் அந்த வீட்டுக்கு அதே பாத்திரத்தில் முறுக்குப் போகும். ஒரு கல்யாணத்துக்கு யாராவது கூடமாட நின்று பந்தி பரிமாறிவிட்டால், அவர்கள் வீட்டு விசேஷத்தில் இவர் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு நிற்பார். வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது அவருக்குச் செரிக்காது. அப்படிப்பட்டவரின் மகளுக்கு ஒரு பெண் காலை முதல் மாலை வரை துணை நிற்கிறாள். அதற்கு எதைத் திருப்பிக் கொடுப்பது? கண்டக்டர் கையில் இருப்பது டிக்கெட் கட்டு. அதைக் கிழிக்காமல் இருந்தார்.

முதல் நாள் அவள் காசை நீட்டியபோது, “அட, வச்சுக்குங்க அம்மிணி” என்று கையை விலக்கிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். அவள் இரண்டு மூன்று நாள் நீட்டிப் பார்த்தாள். “கண்டக்டரண்ணா, வாங்கிக்குங்க” என்று கெஞ்சியும் பார்த்தாள். பள்ளிக்கூட நாளில் எப்போதாவது இந்த வண்டியில் ஏறும்போதே அவரை அப்படிக் கூப்பிட்டுப் பழகியவள், சிநேகிதியின் அப்பா ஆன பிறகும் மாற்றிக்கொள்ள வரவில்லை. அவர் கேட்பதாக இல்லை. போதாததற்கு அவள் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்தார், கொல்லிமலைப் பலாச்சுளை வாங்கிக் கொடுத்தார். உட்காரும்போதெல்லாம் அவள் முகம் கொஞ்சம் சுருங்கியதை அவர் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். ஆனைக்கும் அடி சறுக்கும், கண்டக்டருக்குச் சறுக்காதா?

புரட்டாசியில் ஒரு காலை, பாதி வழியில் செக்கர் சவரியார் கையைக் காட்டி வண்டியை நிறுத்தி ஏறினார். முதலாளி வைத்திருக்கும் ஆள். சேலம் சூரமங்கலத்துக்காரர், நல்ல மனுஷர், ஆனால் டிக்கெட் விஷயத்தில் பெற்ற தாயையும் நம்பாதவர். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து தனப்பிரியாவிடம் கையை நீட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அபிநயாவுக்கு முதலாளியே பாஸ் கொடுத்திருந்தார். அவள் அதை எடுத்துக் காட்டினாள்.

பின்னால் இருந்து தனசேகர் அவசரமாக வந்தார். “இப்பத்தானுங்க ஏறுச்சு. அதுக்குத்தான் கிழிக்க வந்துட்டிருக்கறேன்” என்றார்.

அபிநயா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். “அது உண்மை இல்லை, அப்பா” என்றாள். “தனப்பிரியாவிடம் நேற்றும் பயணச்சீட்டு இல்லை. ஆடி மாதத்திலிருந்து இல்லை. அவள் பணம் கொடுத்தால் நீங்கள் வாங்குவதில்லை.”

பாட்டு இல்லாத பஸ். ஒரு எழுத்து விடாமல் எல்லோர் காதிலும் விழுந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பின் சீட்டில் ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், அதுதானே பார்த்தேன், இந்தக் காலத்தில் யார் சும்மா ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள், பஸ் கூலிதான் சம்பளம் போலிருக்கிறது என்றாள். சொன்னவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தனப்பிரியா அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டாள். அது காலேஜ் ஸ்டாப் இல்லை.

சவரியார் தனசேகரைத் தனியாகக் கூப்பிட்டு, இருபது வருஷமாகக் கையில் கறை படாத ஆள் நீ, இதை எழுதாமல் விட்டால் நான் நாளைக்கு யார் முகத்தில் விழிப்பேன் என்று வருத்தத்தோடு கேட்டார். தனசேகர் எழுதிக்கொள்ளச் சொன்னார். ஒரு வாரம் வண்டியில் ஏற வேண்டாம் என்று முதலாளியிடமிருந்து சாயங்காலமே செய்தி வந்தது.

அதைவிடப் பெரிய அடி மறுநாள் விழுந்தது. தனப்பிரியா கல்லூரிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. துணை இல்லாததால் வாசலிலிருந்தே அபிநயாவைத் திருப்பி அனுப்பினார்கள். முதல்வர் வித்யா டீச்சரிடம், இந்த வாரம் பார்ப்போம், இல்லையென்றால் நான் சொன்னபடி தபால் வழிதான் என்று சொல்லிவிட்டார்.

அபிநயா வீட்டில் பையைத் தோளில் மாட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். கழற்று என்றால் கழற்றவில்லை. “நான் உண்மையைச் சொன்னேன். உண்மை சொன்னது தவறா?” என்று கேட்டாள். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப அதையே கேட்டாள்.

தனசேகர் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். “இல்ல சாமி. நீ சொன்னது சரிதான். தப்பு அப்பன்மேல” என்றார். அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். ஆனால் பையைக் கழற்றவில்லை.

அந்தப் பெண் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவது என்று முடிவானது. தனசேகர் உடனே சட்டை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் ஆப்பிள், மாதுளை, ஒரு பெட்டி இனிப்பு என்று இரண்டு கை நிறைய வாங்கி வந்தார். மஞ்சுளா அதைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வருவது அபூர்வம்.

“மறுக்காவுமா?” என்றாள். “சும்மா போற பஸ்ஸ உட்டுப்போட்டு அந்தப் புள்ள காசு குடுத்து நம்ம வண்டியில ஏறுச்சு பாருங்க, அதுதான் அது நம்ம புள்ளைக்குச் செஞ்ச சீரு. அதை நீங்க ஒரு நாளாச்சும் கை நீட்டி வாங்குனீங்களா? திருப்பிக் குடுக்கோணும், திருப்பிக் குடுக்கோணும்னு நின்னு, அதைக் கூலிக்காரியா ஆக்கிப்போட்டீங்க.”

தனசேகர் பையைக் கீழே வைத்தார். இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளிடம் இப்படி ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டி வந்ததே என்று இருந்தது. வெறுங்கையோடு இன்னொருவர் வீட்டுப் படி ஏறுவது அவருக்கு அம்மணமாகப் போவதைப் போல. அப்படியே போனார்.

செல்லாயி வரவேற்று காப்பி கொடுத்தாள். தனப்பிரியா கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். தனசேகர் சுற்றி வளைக்கவில்லை. உன்மேல் உள்ள பிரியத்தில்தான் செய்தேன், ஆனால் உன்னை வேலைக்கு வைத்த மாதிரி செய்துவிட்டேன், என்மேல்தான் தப்பு என்று சொல்லிவிட்டு, கையை என்ன செய்வதென்று தெரியாமல் காப்பி டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார்.

தனப்பிரியா அழுதாள். டிக்கெட்டுக்காக இல்லை என்றாள். அபிநயாவின் மேலும் கோபம் இல்லை, அவள் பொய் சொல்லியிருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன் என்றாள். வகுப்பில் தன்னை ஆயா என்று கூப்பிடுகிறார்கள் என்றாள். அதையும் பொறுத்துக்கொண்டாளாம். பிறகு அவள் சொன்னதுதான் தனசேகரை உலுக்கியது.

“நான் ஒரு நாளு லீவு போட்டா அவளுக்குக் காலேஜே இல்லீங்கண்ணா. காய்ச்சலோட வந்திருக்கறேன். என்ற மாமன் பொண்ணு கல்யாணத்துக்குக்கூடப் போகலீங்க. அவகூட இருக்க எனக்குப் புடிக்குந்தான். ஆனா, வந்தே ஆகோணும்னு வரும்போது, புடிச்சு வாரேனா, பயந்து வாரேனான்னு எனக்கே தெரியலீங்க.”

செல்லாயி மகளின் தலையைத் தடவினாள். தனசேகர் எழுந்து, நீங்கள் நாளைக்கு வர வேண்டாம் அம்மிணி, மனசுக்குப் பட்டபோது வந்தால் போதும் என்று சொன்னார். சொல்லும்போதே மகளின் படிப்பைத் தன் கையால் முடித்து வைக்கிறோமோ என்று பட்டது. ஆனாலும் சொன்னார்.

மறுநாள் வித்யா டீச்சரோடு முதல்வர் அறைக்குப் போனார். அந்தப் பெண் சொன்னதை ஒன்று விடாமல் ஒப்பித்தார். அதற்கு மேல் அவருக்குப் பேசத் தெரியவில்லை. டீச்சர்தான் பேசினார். ஒரு கல்லூரி செய்ய வேண்டியதைப் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியின் தலையில் ஏற்றி வைத்துவிட்டோம் சார், அவளுக்குக் காய்ச்சல் வந்தால் நம் ஏற்பாட்டுக்கே காய்ச்சல் வந்துவிடுகிறது என்றார். உலர்ந்த செடிகள் ஒட்டி வைக்கும் சின்ன அறை ஒன்று துறையில் இருந்தது. அதை அபிநயா ஒதுங்குவதற்குக் கொடுக்கலாம். வாசலுக்கு மேலே இருக்கும் மணியைக் கழற்றி வராந்தாவின் கோடியில் மாட்டலாம். நாலைந்து பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு கூட இருக்கலாம். யாரும் இல்லாவிட்டால் நான் இருக்கிறேன், பொறுப்பு என் பெயரில் இருக்கட்டும் என்றார்.

முதல்வருக்கும் சிக்கல்தான். இதற்கென்று ஆள் கிடையாது, பணம் கிடையாது, இப்படிச் செய் என்று மேலே இருந்து சொன்னவரும் கிடையாது. இது நம் ஒரு காலேஜில் மட்டும் செய்கிற காரியமா டீச்சர் என்றார். பக்கத்தில் வேறு எங்கும் இல்லை என்பதைத் தனசேகர் போன் போட்டுத் தெரிந்துகொண்டவர். அதை இங்கே சொன்னால் காரியம் கெட்டுவிடும். கடைசியில் முதல்வர், இந்த செமஸ்டர் முடியும்வரை நடக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். பெயர்கூட வைக்காத ஏற்பாடு. ஆனால் கல்லூரியின் ஏற்பாடு.

அன்று மத்தியானமே டீச்சர் வகுப்பில் கேட்டார். ஒருத்திக்கு முழுப் பொறுப்பு இல்லை, வாரத்தில் ஒரு நாள்தான் என்றதும் தெய்வநாயகி கை தூக்கினாள், பிறகு இன்னும் மூன்று பேர். அன்றைக்குத்தான் திரும்பி வந்திருந்த தனப்பிரியா கையைத் தூக்கவில்லை. இதை டீச்சர் போனில் சொன்னபோது தனசேகர், நல்லதுங்க என்றார். நல்லது என்றுதான் நினைத்தார். ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று சரிந்தது. இத்தனை வருஷத்தில் மகளுக்குக் கிடைத்த ஒரே சிநேகிதம் அது. அதைத் தானே கொன்றுவிட்டோம் என்று மஞ்சுளாவிடம்கூடச் சொல்லாமல் வைத்துக்கொண்டார்.

தண்டனை வாரம் முடிந்து அவர் வண்டியில் ஏறிய நாளன்று ரைஸ்மில் ஸ்டாப்பில் தனப்பிரியா நின்றிருந்தாள். இலவச பஸ் சற்று முன்னால்தான் போயிருந்தது. ஏறி, அபிநயா பக்கத்தில் உட்கார்ந்து, காசை நீட்டினாள். அவர் வாங்கி, டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அபிநயாதான் கேட்டாள், “இன்று தெய்வநாயகியின் முறை. நீ ஏன் என் பக்கத்தில் உட்காருகிறாய்?”

“முறையெல்லாம் காலேஜுக்குள்ள. இது பஸ்ஸு” என்றாள் தனப்பிரியா.

அபிநயா இதை ஏற்றுக்கொண்டாளா என்று தனசேகருக்குத் தெரியவில்லை. அவள் முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பெண் பரிதாபப்பட்டு வருகிறாளோ, நாலு நாளில் நின்றுவிடுவாளோ என்று ஒவ்வொரு நாளும் ரைஸ்மில் ஸ்டாப் நெருங்கும்போது அவர் படிக்கட்டில் இறங்கி நின்று எட்டிப் பார்ப்பார்.

ஐப்பசியில் ஒரு நாள் அவள் அந்த ஸ்டாப்பில் இல்லை. அவள் அப்பா ரிக் வண்டியிலிருந்து ஊருக்கு வந்திருந்தார். அவரோடு ஏற்காட்டுக்குப் போகிறேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். ஆனாலும் தனசேகருக்கு வண்டியில் கால் நிற்கவில்லை. காலேஜ் ஸ்டாப்பில் அபிநயா தனியாக இறங்கினாள். கேட்டுக்கு உள்ளே தெய்வநாயகி நின்று கையாட்டினாள். அபிநயா பதிலுக்குக் கையாட்டவில்லை. ஆனால் நேராக அவளிடம் போனாள். அன்று முழுக்க போன் அடிக்கும் அடிக்கும் என்று பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அடிக்கவில்லை. சாயங்காலம் அவள் பத்திரமாக வண்டி ஏறினாள். இன்று எப்படி சாமி என்று கேட்டதற்கு, நன்றாக இருந்தது என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் தனப்பிரியா வழக்கம்போல ஏறினாள். அவள் இன்னும் கம்பியைக்கூடச் சரியாகப் பிடிக்கவில்லை. அபிநயா எழுந்து நின்றாள். ஓடுகிற பஸ்ஸில் அவள் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை.

“நேற்று நீ வரவில்லை” என்றாள். முன் சீட்டிலிருந்து பின் சீட்டுவரை எல்லோரும் நிமிர்ந்தார்கள். சம்பளக் கணக்குச் சொன்ன அந்த அம்மாளும் இருந்தாள். அடுத்து என்ன வரப்போகிறதோ என்று தனசேகர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“நேற்று எல்லாம் சரியாக நடந்தது. மணி அடித்தது, நான் ஓடவில்லை. தெய்வநாயகி எனக்கு உதவினாள். உன்னுடைய உதவி எனக்குத் தேவைப்படவில்லை.” கொஞ்சம் நிறுத்தினாள். அடுத்த வாக்கியத்தை அவள் எந்தச் செய்தியிலும் கேட்டிருக்க முடியாது. அவளே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. “ஆனாலும் நீ இல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

தனப்பிரியா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, “எனக்குந்தான்டி” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனசேகரைப் பார்த்துக் காசை நீட்டினாள்.

“காலேஜ் ஒண்ணு குடுங்கண்ணா.”

அவர் வாங்கிக்கொண்டார். அவசரத்தில் டிக்கெட் ஓரமாகக் கிழிந்துவிட்டது. பரவாயில்லை என்று அவள் வாங்கிக்கொண்டாள்.